வைட்டமின் என்று சொன்னது

ஜூன் 24
என் மகள் தீர்த்தாவுக்குப் புது மாத்திரை தொடங்கிப் பத்தொன்பது நாள். முதலில் கொடுத்த மருந்து பசியையே அடித்துவிட்டது. ஏழு வயதுப் பிள்ளை இரண்டு கிலோ இளைத்தாள். அதனால் இந்த வேறு வகை. மெதுவாகத்தான் பிடிக்குமாம். "நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க. பிரஷர் எகிறிடும்" என்றார் டாக்டர். மூன்று முறை தலையாட்டினேன்.

காலையில் நான் ஆறரை பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். மாத்திரை கொடுப்பது என் கணவரின் அக்கா, ஓமனேச்சி. இது எதுக்கு என்று கேட்டார். கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு, ஏ.டி.எச்.டி. என்று சொல்ல வாய் வரவில்லை. வைட்டமின் என்றேன். என் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான்!

ஜூலை 2
வித்தியாசம் இல்லை. வகுப்பில் பெஞ்சு மேல் நடந்தாளாம்.

ஜூலை 9
இன்று இரண்டு செருப்போடும் வீடு வந்தாள். இரண்டும் அவளுடையவை. மருந்தா, தற்செயலா? யாரைக் கேட்பது?

ஜூலை 17
கர்க்கடகம் பிறந்தது, நம்ம ஊர் ஆடி மாதம். ஓமனேச்சி மருந்துக்கஞ்சி தொடங்கிவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் ஏழு நாள் பத்தியம். தீர்த்தா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாளாம்.
மாத்திரை கொடுத்தீங்களா என்று கேட்க நினைத்தேன். சந்தேகப்படுகிற மாதிரி இருக்குமே.

ஜூலை 18
இன்றும் கேட்கவில்லை.

ஜூலை 19
பதினொரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன். தலைவலி, வாந்தி, முகமெல்லாம் சிவப்பு. ஆட்டோவில் போகும்போதே ஓமனேச்சிக்கு போன் செய்தேன். "கஞ்சி குடிக்கிறப்ப இங்கிலீஷ் மருந்து ஆகாது. வைட்டமின்தானே, நிறுத்திட்டேன்" என்றார். மூன்று நாள். மூன்று நாளும் நான் வாயைத் திறக்கவில்லை. குழந்தையின் நெஞ்சில் கை வைத்தால் — அப்படி ஒரு துடிப்பு. நான் என்ன பண்ணிட்டேன்?

ஆஸ்பத்திரியில் பார்த்தால் பிரஷர் ஏறியிருந்தது. சாயங்காலம்தான் இறங்கியது. மறுபடி குறைந்த அளவிலிருந்து ஏற்றவேண்டுமாம்.

ஓமனேச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். வராந்தாவில் வைத்து எல்லாம் சொன்னேன்.
"நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்? என் கையாலதானே நிறுத்தினேன், மோளே."
அழுதது நான் இல்லை, அவர்.

ஜூலை 21
வீட்டுக்கு வந்துவிட்டோம். மறுபடி முதல் நாள். பத்தொன்பது நாள், இருபது நாள் என்று எண்ணியதெல்லாம் போச்சு.

ஆகஸ்ட் 16
நாளை சிங்ஙம் மாதம் பிறக்கிறது. நேற்று தீர்த்தா நான்கு வரி எழுதினாள். நான்காவது வரியின் பாதியில் பென்சிலைக் கடித்தாள். இருக்கட்டும்.
இன்று பக்கத்து வீட்டு ஷைலஜா வந்திருந்தபோது ஓமனேச்சி மாத்திரையை எடுத்தார். "சின்னப் பிள்ளைக்கு எதுக்கு இது?" என்றாள் ஷைலஜா. ஓமனேச்சி என்னைப் பார்த்தார்.
ஏ.டி.எச்.டி. என்று நான் பெயரைச் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. மறுபடி, கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.