விட்டத்தின் மீதி

14-11-72, செவ்வாய்
விடாத மழை. பக்கத்து மனையில் அடுக்குவீட்டுக்குத் தோண்டிய பள்ளம் முழுக்கத் தண்ணீர். நம் சுவர் அந்தப் பக்கம் நகர்கிறது. வசந்தா பிரசவித்துப் படுத்திருக்கும் அறையில், சுவருக்குள் செருகிய மரவிட்டம் வெளியே வருகிறது. பெயின்ட் படாத மரம் ½ அங்குலம் தெரிகிறது. கொத்தனார் ஏழுமலையைக் கூப்பிட்டேன்.
"பயப்படாத சார். போன வருசம் நான்தானே ஏத்தினேன்? உள்ளாற நாலரை இஞ்ச் குந்திகினு கீது."
4½ − ½ = 4. சரி.

15, புதன்
¾. வளர்ந்தது ¼. அறையை மாற்றலாம் என்றேன். கோமளம் விடவில்லை. "ஏன்னா, திங்கக்கிழமை தீட்டு கழிய புண்ணியாகவாசனம், தொட்டில். அதுவரைக்கும் பச்ச உடம்புக்காரிய எடம் மாத்தப்படாது."
தொட்டில் தொங்கப்போவதும் அதே விட்டத்தில்.
வாங்க: காப்பிப்பொடி, வசம்பு. குடைக் கம்பி ரிப்பேர்.

16, வியாழன்
1⅛. அதாவது 9/8 − 6/8. வளர்ந்தது ⅜. வசந்தாவுக்குச் சிரிப்பு. "ஜுரம் பாக்கற மாதிரி தெனம் ஏணில ஏறறேளே அப்பா!"
குழந்தை விட்டத்தையே பார்த்துக்கொண்டு கிடக்கிறது.

17, வெள்ளி
மழை. 1⅝. வளர்ந்தது ½. ஆக ¼, ⅜, ½. தினமும் ⅛ கூடுதல். வகுப்பில் கொடுத்திருந்தால் அழகான கணக்கு.
சனி 2¼, ஞாயிறு 3, திங்கள் 3⅞.
4½ − 3⅞ = ⅝. கட்டைவிரல் அகலம்கூட இல்லை. தாங்குமா?

18, சனி
2¼. போட்ட கணக்குப்படியே.
பத்து மணிக்கு ஏழுமலை தொட்டில் கொக்கி அடிக்க வந்தான். அவன் டேப்பின் முனை பிய்ந்திருக்கிறது. 1 என்ற கோட்டில் பிடித்து அளக்கிறான். வருகிற அளவில் ஒன்றைக் கழிக்க வேண்டும்.
"எப்போலேந்து இப்படி?"
"அது பிஞ்சி ரெண்டு வருசம் ஆவுது சார்."
"அப்போ அந்த நாலரை? ஒண்ணைக் கழிச்சியா?"
கொக்கியைப் பையில் போட்டுக்கொண்டான்.
3½ − 3⅞.
கோமளத்திடம் தாளை நீட்டினேன்.
"மீதி எவ்வளவு?" என்றாள்.
"கழியாது."
கரண்டியைக் கீழே வைத்தாள். மடி, தீட்டு எதுவும் பேசவில்லை. அவளே உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கினாள். பின்னால் வசந்தா, வயிற்றைப் பிடித்தபடி.
மாலை மூன்றே முக்காலுக்குச் சத்தம். கூடம் முழுக்கச் சுண்ணாம்புத் தூசி.
விட்டத்தை அளக்க இனி ஏணி வேண்டாம். கணக்குப்படி இன்னும் 1¼ இருந்தது.