லாரஸ் கப்பல் ஏறுவாளா?

யோக்யகர்த்தா
4 மார்ச் 2023

அன்புள்ள வெனிங்,

நலம்தானே? நெதர்லாந்தை விட்டு, லைடனிலிருந்து ஒரேயடியாகத் திரும்பிவிட்டேன். இங்கே பல்கலைக்கழகத்தில், பழைய வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கணினிக்குப் படிக்கக் கொடுக்கிறேன். கதை எங்கே மகிழ்ச்சியில் ஏறுகிறது, எங்கே சோகத்தில் இறங்குகிறது என்று கோடாக வரைய அதுவே கற்றுக்கொள்கிறது.

ஒரு வாரம் நீ, ஒரு வாரம் நான் என்று எழுதினோமே, அந்த லாரஸ் கதையையும் கொடுத்தேன். நான் வெளிநாடு போனதால் முடிவில்லாமல் நின்றுபோன கதை. கோட்டின் போக்கை வைத்து, லாரஸ் ஊரை விட்டுக் கப்பல் ஏறுவாள் என்கிறது கணினி. நான் அன்றைக்கே சொன்ன முடிவு, நீதான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது புத்தகமாகப் போட ஒருவர் கேட்கிறார். அப்படியே முடிக்கட்டுமா? உன் சம்மதம் இல்லாமல் செய்ய மாட்டேன். கணினி வரைந்த கோட்டுப் படத்தை இணைத்திருக்கிறேன்.

உன்
ரத்ரி

மாகெலாங்
13 மார்ச்

அடி ரத்ரி,

ஒரு மெஷின் சொல்லித்தான் என் நினைப்பு வந்ததா? இருக்கட்டும்.

படத்தைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. பதினேழாம் அத்தியாயத்தில்தான் கதையிலேயே பெரிய மகிழ்ச்சி என்று கோடு ஏறி நிற்கிறதே, அது லாரஸின் அம்மா செத்த ஏழாம் நாள் கெந்தூரிச் சாப்பாடு. தேங்காய்ப்பால் சோறு, முழுக்கோழி, வீடு கொள்ளாத கூட்டம், பேச்சு, சிரிப்பு. கல்யாணம் என்று நினைத்துவிட்டது. அது பாவம், எந்தச் சாவு வீட்டில் சாப்பிட்டது? நீ சாப்பிட்டிருக்கிறாய். என் அம்மாவின் கெந்தூரியைத்தான் அப்படியே எழுதினேன். கோழியைப் பிய்த்துப் பொட்டலம் கட்டியது நீ.

எனக்குச் சம்மதமில்லை.

வெனிங்

யோக்யகர்த்தா
20 மார்ச்

என் வெனிங்,

நான் கோட்டைத்தான் பார்த்தேன், கதையைப் படிக்கவில்லை. நேற்றுதான் படித்தேன். அழுகை நிற்கவில்லை. "ரத்ரிக்கும் ஒரு தட்டு வைடி" என்று உன் அம்மா சொல்வது காதிலேயே கேட்டது. மாணவர்களிடம் சொன்னேன். "அம்மா, நாங்களும் ஜாவாக்காரங்கதானே, எங்களுக்கும் தோணலையே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அந்த இடம் சோகம் என்று திருத்திக் கொடுத்ததும், லாரஸ் ஊரிலேயே இருப்பாள் என்கிறது கணினி. நீ ஜெயித்துவிட்டாய். அப்படியே முடிக்கிறேன். என்மேல் கோபம் போயிற்றா? அதை மட்டும் சொல்.

ரத்ரி

மாகெலாங்
28 மார்ச்

ரத்ரி,

மெஷின் நாக்கைப் புரட்டினால் நீயும் புரட்டுவாயா? லாரஸ் கப்பல் ஏறியே போகட்டும்.

நீ போனபோது எனக்கு ஆத்திரம். அதனால்தான் அவளை வீட்டோடு கட்டிப்போடப் பார்த்தேன். நீ இல்லாமல் எழுதக் கை வரவேயில்லை. ஆனால் எனக்காக நீ போகாமல் இங்கேயே இருந்திருந்தால் காலமெல்லாம் என்னைத்தான் திட்டியிருப்பாய்.

நின்றுபோன அத்தியாயம் உன் முறை. எழுது, அவளைக் கப்பலேற்று. அதற்கு அடுத்த வாரம் என் முறை. அவளைத் திரும்பக் கொண்டுவருவது என் பாடு.

உன்
வெனிங்