இறுக்காத உடுப்பு

தை மாதம், சனி இரவு

நேற்று ஒஸ்ரியாவில் நடந்த, பனிச்சரிவில் சறுக்கிவந்து பாயும் ஸ்கீ ஜம்பிங் போட்டியில் நான்தான் ஆகத் தூரம் பாய்ந்தேன். பிறகு உடுப்பை அளந்தார்கள். இடுப்பில் விதி விடுகிற அளவைவிடத் தளர்வு கூட. அதில் காற்றுப் பிடித்துத் தூரம் கூடுமாம். என்னை நீக்கிவிட்டார்கள்.

"ஆர் பிரிச்சுத் தைச்சது?" என்றார் பயிற்சியாளர்.

தையலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அம்மா வீட்டில் சாறி பிளவுஸ் தைக்கிறவர். போனமுறை உடுப்பு இறுக்குது என்று சொல்லியிருந்தேன்; எனக்குச் சொல்லாமலே பக்கத் தையலைப் பிரித்துத் தளர்த்தியிருக்கிறார்.

"நான்தான்" என்றேன்.

இன்று பயிற்சியாளர் போனில் சொன்னார், ஏமாற்றுகிறவர்களுக்கு அணியில் இடமில்லையாம். இந்த அணிக்காகத்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன்.

சாப்பிடும்போது அம்மா கேட்டார்.

"இந்தமுறை இறுக்கேல்லைத்தானே, பிள்ளை?"

"இல்லையம்மா. நல்லா இருந்தது."

"அப்ப இன்னும் கொஞ்சம் விட்டுத் தாறன்."

கீழே தையல் மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.