சிக்னலில் இரண்டு போலீஸ்காரர்கள்

அன்புள்ள அப்பாவுக்கு சியாமளாவின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா பிரஷர் மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா? நான் இங்கே சௌக்கியம்.

போன வாரம் ஒரு வேடிக்கை. ஸ்கூட்டரில் ஹிஞ்சேவாடியில் இருக்கும் ஆபீசுக்குப் போகையில் சிவப்பு விளக்கைப் பார்த்து நின்றேன். நின்றது நான் ஒருத்திதான். பின்னால் பைக்கில் வந்த போலீஸ்காரர், தலையில் ஹெல்மெட்கூட இல்லாமல், ஹார்ன் அடித்து "சலோ, சலோ!" என்று விரட்டினார். போலீஸே சொல்கிறதே என்று கிளம்பினேன். சிக்னலைத் தாண்டியதும் இன்னொரு போலீஸ்காரர் என்னை ஓரங்கட்டினார். சிவப்பில் வந்துவிட்டேனாம்! விரட்டியவர் எங்களைப் பார்க்காததுபோல் போய்விட்டார்.

என் ஓட்டை இந்தியில் நடந்ததைச் சொன்னேன். மனிதர் சிரித்துவிட்டார். தமிழ்நாட்டு நம்பரைப் பார்த்து, "ராமேஸ்வரம் பக்கமா? சாப்பிட்டாயா, பேட்டா?" என்று மகளைக் கேட்பதுபோல் கேட்டார். தாம் ராமேஸ்வரம் போய்வந்த கதையைக் கால் மணி நேரம் சொன்னார். நான் காட்டிய ஜெராக்ஸ் செல்லாது, ஒரிஜினல் ஆர்.சி. புத்தகத்தைக் கொண்டுவா என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு அடுத்து மாட்டியவருக்கு மட்டும் அபராதம்! உங்களிடம் படித்த ஏட்டு, ஹெல்மெட் இல்லாத உங்களை மட்டும் "போங்க சார்" என்று விடுவாரே, அந்தச் சட்டம்தான் இங்கேயும்.

அம்மாவிடம் பருப்புப் பொடி கேட்டேன் என்று சொல்லுங்கள். மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள். ஹெல்மெட் போடுங்கள், அப்பா.

உங்கள்
சியாமளா

பி.கு.: உங்களிடம் இருக்கும் ஆர்.சி. புத்தகத்தை மெதுவாகவே அனுப்புங்கள். தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன்; நிறுத்தி, புத்தகம் வந்ததா, சாப்பிட்டாயா என்று கேட்கிறார். அதையும் காட்டிவிட்டால் அவர் என்னை எதற்கு நிறுத்தப்போகிறார்?