வண்டிக்கு ஊற்றிய குடிதண்ணீர்

பாண்டிச்செல்வி,

வண்டி ஓடும். சாவி அரிசி டின் மேல் இருக்கிறது.

நேற்று உன் சோற்றுப் பொட்டலங்களோடு பாலத்தில் கொதித்து நின்றதே, காரணம் கிடைத்துவிட்டது. சாயங்காலம் வண்டிக்கு அடியில் கிடங்கிலிருந்து கொண்டுவந்த அட்டை ஒன்றை விரித்து வைத்தேன். காலையில் பார்த்தால் ரேடியேட்டரின் கீழ்க்குழாய்க்கு நேராகத் துருநிறத்தில் ஒரு வட்டம். குழாயை இறுக்கும் கிளிப் அரித்துப்போய், தொட்டதும் கையோடு வந்தது.

பக்கத்து வீட்டு மெக்கானிக் மொய்துக்காவை எழுப்பினேன். புதுக் கிளிப் போட்டார். "பைப்புத்தண்ணி ஊத்தினியோ அண்ணாச்சி? நம்ம மட்டாஞ்சேரி உப்புல மீன் உணக்கிக் கருவாடு போடலாம், வண்டி ஓட்டலாமோ?" என்று சிரித்தார். "குடிக்கிற தண்ணிய ஊத்துய்யா" என்று நீ சொன்னபோது, "வண்டிக்கு என்ன தாகமா?" என்று கத்தியவன் நான்தானே.

பதினொரு மணிக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கத் தீவுக்குப் புறப்படு. இன்றும் சோறு போகாவிட்டால் ஆபீஸ்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள். சூடு காட்டும் முள் பாதிக்கு மேல் ஏறினால் ஓரம் கட்டு. சூட்டோடு மூடியைத் திறக்காதே. நேற்று திறந்து என் விரல் வெந்தது, எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான்.

பழைய தண்ணீரை வடித்துவிட்டு, கூலன்டில் குடிதண்ணீர் கலந்து ஊற்றியிருக்கிறேன். பானையில் ஒரு செம்புதான் மிச்சம்.

வீரணன்

மறந்துவிட்டேன். தண்ணீர் லாரி எட்டு மணிக்கு வரும். குடங்களை வரிசையில் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். உன் பச்சைக் குடம்தான் முதலில் நிற்கும்.