பத்மாவதிக்குப் போட்ட முப்பத்தொரு ஆப்சென்ட்

1974 பிப்ரவரி 4, திங்கள்

காலையில் பனி. ஒன்பது மணி வரை மலை தெரியவில்லை. வலது காது மறுபடி அடைப்பு, இடது காதும் முன்போல் இல்லை. பூண்டு காய்ச்சிய எண்ணெய் இரண்டு சொட்டு. பயனில்லை.

மாலை கூட்டம். தலைமை ஆசிரியர் (த.ஆ.) எல்லாத் துறையிடமும் பட்டியல் கேட்டார்: பொதுத் தேர்வுக்குப் போகும் பதினோராம் வகுப்பில் யார் யாருக்குத் தனி வகுப்பு வேண்டும் என்று. கணக்கில் என் பத்தொன்பது பேர். அறிவியல் டீச்சர் மும்தாஜுக்கு எட்டுதான். த.ஆ.வின் வாயைப் பார்க்க வசதியாக எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆனாலும் இரண்டு இடத்தில் எல்லோரும் சிரித்த பிறகு சிரித்தேன்.

வருகை குறைந்தவர்கள் வீட்டுக்கு எழுதச் சொன்னார். என் வகுப்பில் ஐந்து தபால் கார்டு எழுதிப் போட்டேன். அதிகம் ஆப்சென்ட் பத்மாவதி, முப்பத்தொரு நாள். நெசவுக்காரர் வீட்டுப் பெண். கடைசி பெஞ்ச். பேர் கூப்பிடும்போது இருக்க மாட்டாள், கணக்குப் போடும்போது இருப்பாள். தாமதமாக வருகிற புத்தி. ஒருமுறை கேட்டதற்கு என்னவோ முணுமுணுத்தாள். "சரி, உட்கார்" என்றேன்.

வாங்க வேண்டியது: சோப்பு, ஊக்கு, நீல மை.

பிப்ரவரி 11, திங்கள்

பத்மாவதி வியாழனிலிருந்து வரவேயில்லை. பக்கத்தில் உட்காரும் வசந்தாவைக் கேட்டேன்.

"அவங்க நைனா நிறுத்திட்டாரு டீச்சர். நீங்க போட்ட கார்ட பாத்துட்டு."

"வராத பெண்ணுக்குக் கார்டு போடாமல்?"

வசந்தா தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னாள். மூன்று தடவை கேட்டும் பிடிபடவில்லை. நோட்டைக் கொடுத்து எழுதச் சொன்னேன்.

"அவ தெனமும் வந்துகினு தான் இருந்தா டீச்சர். மெதுவா பேசறவங்களுக்கு நீங்க வேணும்னே ஆப்சென்ட் போடறீங்கன்னு நாங்க நெனச்சிகினு இருந்தோம்."

அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டேன். பிறகு பாடம் நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று தெரியாது.

சாப்பிடவில்லை.

பிப்ரவரி 12, செவ்வாய்

மும்தாஜைக் கூப்பிட்டுப் பின்னால் நிற்கச் சொன்னேன், ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து. நான் வழக்கம்போல் குனிந்து பேர் கூப்பிட்டேன். நான் ஆப்சென்ட் போட்டது ஐந்து. அவள் தாளில் இரண்டு.

மற்ற மூவரும் என் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேரும் பெண்கள்.

அறிவியல் கூடத்தில் கதவைச் சாத்திவிட்டு, மும்தாஜ் என் முகத்துக்கு நேரே வந்து கேட்டாள். "எத்தன நாளா சரோஜா?"

"ரெண்டு வருஷம்."

"யார் கிட்டயும் சொல்லலியா?"

சொன்னால் வேலை போகும். வேலை போனால் அரக்கோணத்தில் தம்பி வீட்டில் போய் உட்கார வேண்டும். அதைச் சொல்லவில்லை. அவளுக்கே தெரியும். தான் வீடு திரும்பும் ரயிலைத் தவறவிட்டு, இருட்டும் வரை என்னோடு இருந்தாள்.

பிப்ரவரி 13, புதன்

த.ஆ.விடம் சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே. அவர் கத்துவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மெடிக்கல் போர்டுக்கு எழுத வேண்டி வரும்மா."

"எழுதுங்க சார். அதுக்கு முன்னால பத்மாவதி ஆப்சென்ட்டத் திருத்தணும். இல்லன்னா ஹால் டிக்கெட் வராது."

வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்தார். மற்ற ஆசிரியர்களையும் வசந்தாவையும் விசாரித்துவிட்டு அனுமதித்தார். முப்பத்தொரு இடத்திலும் சிவப்பு மையில் திருத்தம், பக்கத்தில் என் கையெழுத்து. ஜூலையில் மூன்று. ஆகஸ்டில் ஐந்து. தீபாவளிக்கு முந்தின நாள்கூட ஒன்று. அன்று பச்சைத் தாவணியில் பார்த்தது நினைவிருக்கிறது. பார்த்திருக்கிறேன், ஆப்சென்ட்டும் போட்டிருக்கிறேன்.

நேற்றுத் தெரிந்த மூன்று பெண்களுக்கும் திருத்தியாயிற்று. அவர்கள் வீட்டுக்குக் கார்டு போகவில்லை, நல்லவேளை.

பிப்ரவரி 16, சனி

பத்மாவதி வீட்டுக்குப் போனேன். மும்தாஜ் துணைக்கு. தெரு முழுக்க விசைத்தறிச் சத்தம், எனக்கே கேட்கிற சத்தம்.

அப்பா எழுந்து நின்று கும்பிட்டார். என் காது கேட்காது, தப்பு என்னுடையது, உங்கள் பெண் ஒரு நாளும் தவறாமல் வந்தாள் என்று சொன்னேன். பதிவேட்டையும் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. மெதுவாகத்தான் பேசினார். மும்தாஜ் எனக்குத் திருப்பிச் சொன்னாள்.

"கார்டுல எழுதினீங்களே டீச்சர். கவர்ல போட்டிருக்கக் கூடாதா? தபால்காரன் படிச்சான், டீக்கடையில படிச்சாங்க. முப்பத்தொரு நாளு பொண்ணு எங்க போனா, எவன் கூட போனான்னு என்னியே கேட்டாங்க. நானும் அவள அடிச்சேன். ஸ்கூலுக்குத்தான் போனேன் நைனான்னாளே தவிர வேற பேச்சில்ல. நான் நம்பல."

புத்தூரில் அவள் பாவாவுக்கே, முறை மாப்பிள்ளைக்கே, நிச்சயம். வியாழக்கிழமை பாக்கு மாற்றியாயிற்று. நான் த.ஆ. முன்னால் நின்றதற்கு மறுநாள்.

பத்மாவதி உள்ளேயிருந்து வந்தாள். கன்னத்தில் கன்றிய தடம். ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. மும்தாஜ் சொல்ல வாயெடுத்தாள். அவள் மும்தாஜைத் தள்ளிவிட்டு என் காதருகே வந்து கத்தினாள். "தெனமும் வந்தேன் டீச்சர்! தெனமும் உள்ளேன்னு சொன்னேன்!"

இந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. அடுத்த வீட்டுத் தறி நின்றது. வாசலில் நாலைந்து பேர். அவர்களைப் பார்த்தும் அதையே இன்னொரு தரம் கத்தினாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உதறவில்லை. பிடிக்கவும் இல்லை.

அப்பா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "நம்பறேன் டீச்சர். இன்னா பண்றது, வாக்கு குட்துட்டேனே. பரீட்சைக்கு மட்டும் அனுப்பச் சொல்லி அவங்கள கேக்கறேன்."

மார்ச் 5, செவ்வாய்

வகுப்பு மும்தாஜிடம். எனக்கு ஆபீசில் நகலெழுதும் வேலை. மெடிக்கல் போர்டுக்கு ஏப்ரலில் போக வேண்டும். வெயில் ஆரம்பித்துவிட்டது.

பத்மாவதியின் அப்பா வந்தார். மாப்பிள்ளை வீட்டில் ஒப்புக்கொண்டார்களாம். பரீட்சை நாட்களில் காலை பஸ்ஸில் அழைத்துக்கொண்டு வருவார்களாம். கல்யாணம் 14ஆம் தேதி, மலைக் கோயிலில். பத்திரிகை வைத்தார். "நீங்க வரணும்" என்று என் முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

கணக்கில் முக்கியமான முப்பது கேள்விகளை விடையோடு எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

மார்ச் 14, வியாழன்

போகவில்லை. என்ன முகத்தோடு போவது? மும்தாஜ் போய் வந்தாள். பெண் யாரோடும் பேசவில்லையாம்.

"பரீட்சையப் பத்திக் கேட்டியா?"

"கேட்டேன். தலையாட்டினா."

எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 1, திங்கள்

தமிழ் முதல் தாள். ஏழரைக்கே பஸ் நிலையம் போனேன், ஹால் டிக்கெட்டும் ஒரு பேனாவும் எடுத்துக்கொண்டு. புத்தூர் பஸ் எட்டுக்கு ஒன்று, எட்டே முக்காலுக்கு ஒன்று. இரண்டிலும் இல்லை. அடுத்தது ஒன்பதே காலுக்கு என்றார்கள். அதிலும் மலைக்குப் போகிற கூட்டம்தான்.

பள்ளிக்கு ஓடினேன். நேராக வந்திருப்பாளோ என்று. வசந்தா மட்டும் வாசலில் நின்றாள். அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் வந்து உரக்கச் சொன்னாள். "அவங்க மாமியாரு வாணாம்னுட்டாங்களாம் டீச்சர். நேத்து ஆளு வந்து சொல்ட்டுப் போனாங்க." உள்ளே அனுப்பினேன்.

பத்து அடிக்கப் போகிறது என்று வாட்ச்மேன் கேட்டைச் சாத்த வந்தார். ஐந்து நிமிஷம் பொறுக்கச் சொன்னேன். பொறுத்தார். பிறகு சாத்தினார்.