நாமினி நூர்ஜகான்

ஜூன் 5, வியாழன்

கத்திரி முடிந்துவிட்டதாம். வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை போல. ஏ ஷிப்ட். பிளாஸ்டிக் மூடி அச்சு மிஷின் பக்கத்தில் நின்று நின்று சட்டை உப்புப் பூத்துப் போச்சு. தண்ணீர் கேன் காலி. புதுவாயலில் லாரித் தண்ணீர் நாளைக்குத்தான்.

சம்பளம் பேங்கில் ஏறியது. உடனே அண்ணன் போன். ஆர்.கே.பேட்டையில் சம்பள நாளன்று மட்டும் சிக்னல் பிரமாதம். "இன்னாம்மா, வந்துச்சா?" நீ எப்படி இருக்கிறாய் என்பது அதற்கு அடுத்த கேள்வி. சில மாதம் அதுவும் கிடையாது.

புருஷனை விட்டு வந்ததிலிருந்து இதே கதை. பாதி சம்பளம் அவருக்கு. "உன் டப்பு எங்க போவுது, நம்ம நெலத்துலதான கெடக்குது" என்பார். நிலம் அவர் பேரில். போர்வெல் அவர் பேரில். நான் அவர் ரேஷன் கார்டில் கடைசி வரி.

அறையிலும் கம்பெனியிலும் கூடவே இருக்கிற நூர் ஒரு நோட்டீஸ் கொண்டு வந்தாள். கவரைப்பேட்டையில் வீடு கட்டும் கூட்டுறவுச் சங்கத்தின் கிளை. மாதச் சேமிப்புக் கணக்கு. தவறாமல் கட்டி வந்தால் மூன்று வருஷம் கழித்து மனை வாங்கக் கடனுக்கு மனுப் போடலாம்.

"ஆளுக்கு ஒண்ணு தொறப்போம்டி. ஒரே மனை. ரெண்டு ரூம், ரெண்டு கதவு. உனக்குக் கோவம் வந்தா உன் கதவ சாத்திக்கோ."

எனக்கு எப்போதடி கோபம் வந்தது என்றேன். சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது அவளுக்கு.

அண்ணனுக்கு இந்த மாதம் அனுப்பவில்லை. கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 8, ஞாயிறு

துணி ஊறவைத்தது. ரவை, புளி, கொசுவத்தி வாங்கணும்.

நூர் பக்ரீத்துக்குப் பழவேற்காடு போய்த் திரும்பினாள். தூக்கு நிறைய பிரியாணி. கூடவே ஒரு மாப்பிள்ளைச் செய்தி. அவள் தம்பிகள் பண்டிகைத் துணி எடுத்த கடையிலேயே பேசி வைத்திருக்கிறார்கள். பொன்னேரிக்காரர், பெண்டாட்டி இல்லை, வளர்ந்த பிள்ளைகள் இரண்டு.

"இன்னா சொன்ன?"

"சோறாக்க ஆள் வேணும்னா மெஸ்ஸுல சொல்லி வெக்கச் சொன்னேன்."

பிரியாணி நன்றாக இருந்தது. மீதி ராத்திரிக்கு.

ஜூன் 10, செவ்வாய்

பி ஷிப்ட். அதனால் காலையில் சங்கம். எடுத்துப் போனவை: ஆதார், பான், ஃபோட்டோ 2, வாடகை ரசீது, நூரின் குடை.

டைல்ஸ் கடைக்கு மேல் மாடி. கவுண்டரில் ஐம்பது வயதுக்காரர், நெற்றி நிறைய விபூதி, மரியாதையான பேச்சு. என் ஃபாரத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஆர்.கே.பேட்டையா? அட, நானும் அந்தப் பக்கந்தாம்மா. யாரு ஊட்டுப் பொண்ணு?"

போச்சு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது ஒரு வியாதி. யாரு ஊட்டுப் பொண்ணு என்று திருடன் கேட்டாலும் பாட்டன் பேர் வரை சொல்லிவிட்டுத்தான் ஓய்வோம். நானும் பல்லெல்லாம் தெரிய ஒப்பித்தேன். நைனா பேர், தாத்தா பேர், எந்தத் தெரு, எந்தக் கிணறு, அண்ணன் பேர். அண்ணனை அவருக்குத் தெரியுமாம். ஒரே சந்தோஷம் இருவருக்கும். நூர் பக்கத்தில் நின்று குடையை மடக்கி விரித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நாமினி கட்டத்துக்கு வந்தார். "அண்ணன் பேருதான? நானே எழுதிக்கிறேன்."

"இல்ல சார். நூர்ஜகான்."

நூரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"உறவு இன்னான்னு எழுதறது?"

"ஃபிரெண்டு."

"அதெல்லாம் செல்லாதும்மா. நமக்கு ஒண்ணு ஆச்சுன்னா வாங்கிக்கறவங்க ரத்த சொந்தமா இருக்கணும்."

நூர் தன் ஃபாரத்தில் நாமினியாக என் பேரை எழுதியிருந்தாள். அதையும் ஓரமாக வைத்துவிட்டார். "ரெண்டு பேரும் ஊட்ல கேட்டுக்கினு வாங்க."

முப்பத்தெட்டு வயசு எனக்கு. வீட்டில் கேட்டுக்கொண்டு வரணுமாம். எந்த வீட்டில்? வாடகை ரசீதில் இருக்கிற வீட்டில் எட்டு வருஷமாக நானும் நூரும்தான். பஸ் ஸ்டாப்பிலேயே ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டோம். சரி என்று சொல்லிக்கொண்டோம்.

ஜூன் 12, வியாழன்

புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டு ஆந்திராப் பக்கம் போய்விட்டது.

காலையில் கதவு தட்டுகிற சத்தம். அண்ணன். கையில் ஒரு பை மாம்பழம். எட்டு வருஷத்தில் இந்த அறைக்கு முதல் தடவை வருகிறார். எனக்கு டெங்கு வந்து இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நடவு நேரம் என்று சொன்னவர். நூர்தான் கூட இருந்தாள், ஓவர்டைமை விட்டுவிட்டு.

சங்கத்துக்காரர் அன்றைக்கே போன் போட்டிருக்கிறார். 'உன் தங்கச்சி யாரோ ஒரு பொண்ணு பேருல எழுதப் பாக்குது, கொஞ்சம் கவனி' என்று. வாயைத் திறந்து முகவரி கொடுத்தது நான். என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளணும்.

நூர் டீ வைத்தாள். அண்ணன் தொடவில்லை. அவளை வைத்துக்கொண்டே பேசினார்.

"வேற மதத்துப் பொண்ணு பேரப் போட்டா நாலு பேரு இன்னா பேசுவாங்க? நாளைக்கு நீ செத்தா உன் காசு அங்க போவணுமா?"

"நான் சாவறதப் பத்தியே பேசிக்கினு இருக்கியே ண்ணா. உசிரோட இருக்கறதப் பத்தி ஒரு வார்த்த கேட்டியா?"

"நீ போயிட்டா கொள்ளி வெக்கப் போறது என் புள்ள."

"அதுக்குக் கூலியா இது?"

சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. சொல்லிவிட்டேன். அண்ணன் எழுந்துவிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்பிடின்னா வர்ற ஆடிக் கிருத்திகைக்கு என் வாசப்படி மிதிக்காத" என்றார். போய்விட்டார்.

இதை யாரிடம் மறைக்கப் போகிறேன், எழுதிவிடுகிறேன். கிருத்திகைக்குத்தான் அந்த வீட்டில் ஒரு ராத்திரி படுப்பேன். மறுநாள் எல்லோரும் காவடியோடு திருத்தணி. அம்மா படத்துக்கு என் கையால் பூ வைக்கிறது அன்றைக்கு மட்டும்தான். அது போனால் ஊரில் எனக்கு என்று ஒன்றும் இல்லை.

அந்த வாசப்படி எனக்கு வேணும். அதற்கு மாதா மாதம் வாடகை கட்டிக்கொண்டிருக்க மட்டும் மாட்டேன்.

நூர் மாம்பழம் அறுத்தாள். "அது இன்னாடி பண்ணிச்சு" என்றாள். தின்றோம். நல்ல ருசி, அது வேறு எரிச்சல்.

ஜூன் 14, சனி

ஷிப்டுக்கு முன்னால் கவரைப்பேட்டை போனால் மாடிக் கதவில் பூட்டு. டைல்ஸ் கடைப் பையன் ரெண்டாவது சனி என்றான், என்னமோ நான்தான் அந்தச் சட்டத்தைப் போட்ட மாதிரி.

ஸ்டேஷன் பக்கத்தில் நாஷ்டா. தோசை கருகல். கூட்ஸ் வண்டி ஒன்று முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது, அது போகும்வரை நூர் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"பேஜாரு வேணாம் தேவகி. உன் அண்ணன் பேரையே போட்டுக்கோ. கணக்குத் தொறந்தா போதும். கிருத்திகைக்குப் போயிட்டு வா."

"நீ யார் பேரப் போடுவ?"

"உன் பேருதான். நான் மாத்த மாட்டேன்."

"அப்ப நான் மட்டும் மாத்தணுமா? உன் தம்பிங்களுக்குத் தெரிஞ்சா உன்ன மட்டும் தலைல தூக்கி வெச்சிக்கினு ஆடுவாங்களா?"

சட்னியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் தனித்தனி சீட், இறங்கியதும் அவள் கடைப் பக்கம் போய்விட்டாள். அறைக்கு வந்து பார்த்தால் சாவி அவளிடம். அவள் வருகிற வரைக்கும் படியில் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கோபமே வராது என்று சொன்னவள் நான்தான்.

ராத்திரி சாப்பிடும்போது அவளே, "திங்கக்கிழம போலாம்" என்றாள்.

ஜூன் 16, திங்கள்

லேசான தூறல். கால் முழுக்கச் சேறு.

இன்று செயலாளர் வந்திருந்தார். திங்கள்தான் அவர் இந்தக் கிளைக்கு வருகிற நாளாம். பெண், என் வயதுதான் இருக்கும். கவுண்டர்க்காரரைத் தாண்டி நேராகச் செயலாளர் மேஜைக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை, உட்கார்ந்தேன்.

"மேடம், நாமினி ரத்த சொந்தமாதான் இருக்கணும்னு எங்க எழுதியிருக்கு?"

"எங்கயும் இல்லையே. யார் பேரு வேணாலும் போடலாம்."

கவுண்டர்க்காரர் எழுந்து வந்துவிட்டார். "நல்லதுக்குத்தான் சொன்னேன் மேடம். நம்ம பக்கத்துப் பொண்ணு, வெவரம் தெரியாம..."

"வெவரம் தெரியாமத்தான் சார் உங்ககிட்ட எங்க நைனா பேரச் சொன்னேன். என் அண்ணனுக்கு இன்னாத்துக்குப் போன் போட்டீங்க?"

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "போன் பண்ணீங்களா?"

"கூடப் பொறந்தவ மாதிரி நெனச்சி..."

"எனக்கு ஏற்கெனவே ஒரு அண்ணன் இருக்காரு சார். அவரையே சமாளிக்க முடியல."

வரிசையில் நின்ற ஓர் அம்மா களுக்கென்று சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குரலை இறக்கவும் இல்லை.

புகாராக எழுதிக் கொடுங்கள் என்றார் செயலாளர். எழுதினேன். நூரும் கையெழுத்துப் போட்டாள். இனி ஒருத்தர் கணக்கு விஷயம் வெளியே போனால் கவுண்டரில் உட்கார முடியாது என்று கவுண்டர்க்காரரிடம் எல்லோர் எதிரிலும் சொன்னார். மனுஷன் முகம் சுண்டிப் போச்சு. பாவமாகத்தான் இருந்தது. கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன், இவர்கள் எல்லாம் நம் நல்லதுக்கே செய்கிறவர்கள், அதுதான் தாங்கவில்லை.

நாமினி: நூர்ஜகான். உறவு: நண்பர். அவளுடையதில் என் பேர். அவரே இரண்டு பாஸ்புக்கும் எழுதிக் கொடுத்தார், தலை நிமிராமல்.

கீழே வந்ததும் நூர் குடையை விரிக்க மறந்து மழையிலேயே நடந்தாள். "தேவகி, நம்ம பேரு பக்கத்துல பக்கத்துல இருக்குதுடி" என்றாள். ஆமாம் என்றேன். குடையை வாங்கி நான் விரித்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

ராத்திரியிலிருந்து மழை. அறை மூலையில் ஒழுகல். ஓனரிடம் சொல்லியாச்சு, காதில் விழாத மாதிரி இருக்கிறார். துணி காயவில்லை.

அண்ணன் போன் இல்லை. எனக்கும் போட மனசில்லை. ஆனால் காலையிலிருந்து மூன்று தடவை போனை எடுத்துப் பார்த்துவிட்டேன். வெட்கங்கெட்ட மனசு.

சாயங்காலம் அண்ணி போன். அண்ணன் பெண்டாட்டி. கூடவே மாடு கத்துகிற சத்தம், கொட்டகையிலிருந்து பேசியிருக்கணும். இத்தனை வருஷத்தில் அண்ணி தானாக எனக்குப் போன் போட்டதே இல்லை. அண்ணனுக்கு என்னவோ என்று பதறிவிட்டேன்.

"ஒண்ணும் இல்ல, அவரு நல்லாத்தான் இருக்காரு. கிருத்திகைக்கு வரக் கூடாதுன்னு சொன்னாராமே?"

"ஆமா அண்ணி."

"அந்த ஊட்ல அவரு மட்டுமா இருக்காரு? சோறாக்கறவ நானு. நான் கூப்புடறேன், நீ வா."

மழை பெய்கிறதா அங்கே என்று கேட்டேன்.

"பெய்யுது. அத வுடு. அந்தச் சங்கத்துல யாரு வேணா கணக்குத் தொறக்கலாமா? மாட்டுக்குத் தீனி வெக்கறது நானு, பால் கறக்கறது நானு, பால் காசு மட்டும் அவரு கணக்குல உழுது. இங்க தொறந்தா பொழுது சாயறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும்."

"இங்க நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் இருக்காரே அண்ணி."

"அவருதான் இனிமே வாய் தொறக்க மாட்டேன்னு இவருகிட்டயே போன்ல சொல்லிட்டாராமே. உன் அண்ணன் அதச் சொல்லிச் சொல்லித்தான் திட்டிக்கினு கெடக்கறாரு."

சிரிப்பு வந்துவிட்டது. நாளைக்கே வாங்க என்றேன். திருவள்ளூர் வந்து பஸ் மாறணும், ஆதார், ஃபோட்டோ 2 என்று சொன்னேன். தன் கூடப் பிறந்த தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருகிறாராம்.

வைக்கப் போகிற நேரத்தில் குரலை இன்னும் இறக்கினார்.

"நாமினின்னு ஒரு பேரு கேப்பாங்களாமே. உன் பேரப் போட்டா உனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லியே?"

இல்லை அண்ணி என்று சொன்னேனா, வெறும் தலையை ஆட்டினேனா, ஞாபகம் இல்லை. நூர் வந்து போனை வாங்கி, "போடுங்க அண்ணி, போடுங்க" என்று கத்தினாள்.

நாளைக்கு ஏ ஷிப்ட். லீவு கேட்கப் போவதில்லை. லீவு என்று சொல்லிவிட்டு அண்ணியோடு சங்கத்துக்குப் போகப் போகிறேன்.